கறுப்பி படுக்கும் கட்டைகள்

பியானோ மேல் பூனை நடந்தால் ஒலி எழுந்து தானே அடங்கிவிடும். சிந்தசைசரில் சுரம் அடங்காது. கட்டையை விடுகிறவரை நிற்கும். எங்கள் கறுப்பி மதியத் தூக்கத்துக்கு என் கருவியின் இடதுகோடிக் கட்டைகளைத்தான் பிடித்துவைத்திருக்கிறாள். ஏழெட்டுக் கட்டைகள் ஒருசேர அமுங்கினாலும் கேட்பது ஒரே சுரம். 1970இல் வந்த மினிமோக் வழியில் செய்யப்பட்ட கருவி அது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பேசும். அமுங்கியவற்றில் தாழ்ந்ததற்கே முதலிடம். அவள் புரண்டு படுத்தால் சுரம் மாறும். நான் கையெடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். நானாக அவ்வளவு நேரம் ஒரே சுரத்தில் நின்றிருக்க மாட்டேன்.

அவளை அங்கே இழுப்பது சூடு. சட்டையில்லாத மனிதருக்கு வியர்க்கத் தொடங்கும் 30 டிகிரிக்கு மேல்தான் பூனையின் உடலுக்கு உண்மையான சுகம். 25இல் ஏசி ஓடும் அறையில் அவளுக்கு வாய்த்த இதமான இடம் இந்தக் கருவி. கருவிக்கோ அந்தச் சூடு பெரிய விஷயம். அனலாக் சிந்தசைசரில் ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலேறும். அந்தக் கணக்கை நடத்துவது டிரான்சிஸ்டர். அதன் குணமோ வெப்பத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். மாற்றத்தை ஈடுகட்ட உள்ளே தனி ஏற்பாடு இருந்தாலும் முழுக்க ஈடாகாது. அதனால் சுவிட்சைப் போட்டு அரைமணி காத்திருந்துதான் சுருதி சேர்ப்போம். 38 டிகிரிச் சூட்டோடு ஒரு ஜீவன் காற்றுத் துளைகளை மூடிப் படுத்தால் சுருதி மெல்ல விலகும். 1968இல் வெளியான வெண்டி கார்லோஸின் பாக் இசைத்தட்டை நினைத்துக்கொள்வேன். ஓயாமல் சுருதி விலகும் மோக் கருவியில், ஒவ்வொரு குரலாக, துண்டு துண்டாக எட்டு டிராக் டேப்பில் பதிவு செய்து கட்டிய இசை அது.

மின்னணு இசைக்கு உயிரில்லை என்று என்னிடம் சொல்பவர்கள் உண்டு. சபாவின் ஏசிக் காற்றில் தம்புராவின் சுருதி கலைந்தால் அது உயிரற்ற மரம் என்று யாரும் சொல்வதில்லை. என் கருவிக்கும் அறையின் வெப்பம் தெரியும். பக்கத்தில் ஒரு உடம்பு இருப்பது தெரியும். கறுப்பி வந்த பிறகு இதில் எனக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.

காது விஷயத்தில் அவள் எங்கோ இருக்கிறாள். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கதவு சாத்திவிடும். வயது ஏற ஏற இன்னும் முன்னாலேயே. பூனைக்கு ஏறக்குறைய 85,000 வரை கேட்கும். அதாவது நம் உச்சத்துக்கு மேல் இன்னும் இரண்டு ஸ்தாயி. சிடியில் பதிவாவது 22,050 வரைதான். எனவே நான் செய்து முடிக்கும் எந்தப் பதிவும் அவள் உலகத்தின் கீழ்ப்பகுதி மட்டுமே. கருவியின் அடாப்டரை இயக்கியதும், நான் ஒரு கட்டையையும் தொடுமுன், அவள் காது சுவர்ப்பக்கம் திரும்பும். இத்தகைய அடாப்டர்கள் நம் செவிக்கு மேற்பட்ட வேகத்தில்தான் துடிக்கின்றன. அந்த முனகலைத்தான் கேட்கிறாள் என்று நம்புகிறேன். ஃபில்டரின் கூர்மையை ஏற்றினால் எழுந்து போய்விடுவாள். அவள் இருக்கும்போது ஒலியைத் தணித்தே வேலை செய்கிறேன். அந்தக் காதுகளை வருத்திப் பெறும் இசை எனக்கு வேண்டாம்.

பூனைகளுக்கென்றே எழுதிய இசையை, சாதாரண இசையோடு ஒப்பிட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பூனையின் உறுமலையும் குட்டி பால் குடிக்கும் சத்தத்தையும் ஒட்டி அமைந்த அந்த இசையை ஒலித்த ஸ்பீக்கரைத்தான் பூனைகள் கூடுதலாக நாடின.

உறுமல் என்றால் கோபம் அல்ல; மடியில் படுத்து எழுப்பும் அந்தக் கர்கர் ஒலி. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அது ஓடும். நொடிக்கு சுமார் 25 துடிப்பு. சிந்தசைசர்காரருக்கு இது சாதாரண எண் அல்ல. துடிப்பின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால், நொடிக்கு 20ஐ ஒட்டிய இடத்தில் தாளம் தாளமாகக் கேட்பது நின்று சுரமாகத் தொடங்கும். கறுப்பியின் தொண்டை சரியாக அந்த வாசற்படியில் நிற்கிறது. தாளமாகவும் கேட்கலாம், சுரமாகவும் கேட்கலாம்.

இப்போது செய்துகொண்டிருக்கும் இசையின் அடித்துடிப்பை அங்கேதான் வைத்திருக்கிறேன். என் மேஜை ஸ்பீக்கர்களுக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலி எட்டாது. ஒரு சப்வூஃபர் வாங்க வேண்டும்.