எட்டு மெய்ப்பாடுகளும் நம் பிள்ளைகளும்

மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்தார் தொல்காப்பியர். உவகையையும் பெருமிதத்தையும் வைத்த வரிசையிலேயே அழுகை, அச்சம், இளிவரல், வெகுளி ஆகியவற்றையும் வைத்தார், எதனையும் தள்ளவில்லை. பிழைப்பை நாடித் தலைநகருக்கு வந்த நம் இல்லங்களிலோ பிள்ளைகளுக்கு இரண்டே மெய்ப்பாடுகள் உரியன: மதிப்பெண் கண்டு உவகை, பரிசு பெற்றுப் பெருமிதம். எஞ்சியவற்றை அவர்கள் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

மாற்றல் உத்தரவு வந்தால் அரசு ஊழியராகிய நமக்குப் பயணப்படி உண்டு. பணியில் சேர அவகாசமும் உண்டு. தோழியரைப் பிரிந்து, அறியாத மொழி ஒலிக்கும் வகுப்பறையில் மறுநாளே அமர வேண்டிய பிள்ளைக்கு எந்த விதியிலும் அவகாசம் இல்லை.

2019இல் நாங்கள் சென்னையிலிருந்து தில்லிக்கு வந்தபோது எங்கள் மகளுக்கு வயது 12. திங்கட்கிழமைதோறும் காலையில் வயிற்றுவலி என்பாள். அரசு மருந்தகத்து மருத்துவர் சோதித்துவிட்டு, உடலில் குறையில்லை, ஆனால் வலி பொய்யன்று என்றார். சொல்ல இயலாத மனச்சுமை பிள்ளைகளிடம் வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும் வெளிப்படுவதுண்டாம். அவர் அனுப்பிய மனநல ஆலோசகர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வினவ, மகள் தேர்வில் எழுதுவதுபோல் ஒழுங்காக விடையளித்தாள். பின்னர் அந்த அம்மையார், "எனக்குப் புரிய வேண்டாம், உன் மொழியில் அம்மாவிடம் சொல்" என்றார்.

"நான் பேசினாலே சிரிக்கிறாங்கம்மா. யாரும் என் பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்க" என்றாள். பிறகுதான் அழுகை வந்தது. ஆலோசனை ஆறு மாதம் தொடர்ந்தது. வலி மெல்ல விலகியது.

இது ஒரு வீட்டுக் கதையன்று. மனநலக் குறைபாடுகளில் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2015-16இல் நிகழ்ந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு இத்தகைய இடர் இருப்பதைக் கண்டது. நூறு பிள்ளைகள் கூடும் இடத்தில் ஏழு பேர்! மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடக் கூசாத நாம் இதற்கும் கூச வேண்டியதில்லை.

ஆயினும் முதல் மருந்தகம் வீடே. புலம்பெயர்ந்த வீட்டில் தமிழ், "சாப்பிட்டாயா? படித்தாயா?" என்ற இரு வினாக்களாகச் சுருங்கிவிடுவது எளிது. பள்ளிப் பாடத்திற்கு வேறு மொழிகள் போதும். துயரத்தைச் சொல்லப் பிள்ளைக்குத் தாய்மொழியே வேண்டும். ஞாயிறு வகுப்பில் நம் பிள்ளைகள் குறள் ஒப்பிக்கக் கேட்டு மகிழ்கிறோம், மகிழ்ச்சிதான். தம் அச்சத்தையும் அவமானத்தையும் சொல்லும் தமிழையும் அவர்கள் பெறட்டும். அதைக் கற்பிக்க எந்தச் சங்கத்தாலும் ஆகாது. இரவு உணவுக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, இடைமறிக்காமல் அரைமணி கேட்டிருக்கும் பெற்றோரே அதற்கு ஆசிரியர்.