பார்த்தவர் பேச முடியாத வழக்கு

யேர்மனியில் ஒருவரை உதைபந்தாட்ட அரங்குக்குள் வரவிடாமல் தடுப்பதற்கு நீதிபதி தேவையில்லை. தன் வாசலுக்குள் யாரை விடுவது, யாரை மறிப்பது என்று தீர்மானிக்க வீட்டுக்காரருக்கு இருக்கும் உரிமைதான் கழகத்துக்கும் இருக்கிறது. ஒரு கழகம் தடை எழுதினால் மேற்பிரிவுகளில் ஆடும் மற்றக் கழகங்களின் அரங்குகளும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். அந்த அதிகாரத்தைக் கழகங்கள் ஒன்றுக்கொன்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கின்றன. மீறி உள்ளே போனால் அத்துமீறி நுழைந்த குற்றம், குற்றவியல் சட்டத்தின் 123ஆம் பிரிவு. றூர்ப் பகுதியில் குற்றவியல் சட்டத்தரணியாகத் தொழில் பார்க்கும் என்னிடம் இந்தத் தடைக் கடிதங்களோடு பலர் வந்திருக்கிறார்கள். 2019இல் வந்த ஒருவரின் வழக்கு மட்டும் என்னை இன்னும் விடவில்லை.

அவருக்கு 22 வயது. மின்னியலாளர் பயிற்சியை அப்போதுதான் முடித்திருந்தார். தன் நகரத்துக் கழகத்தின் உல்ட்ராஸ் குழு ஒன்றில் இருந்தார். கழகத்தின் பெயரையும் நகரத்தின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை.

உல்ட்ராஸ் என்றதும் அடிதடிக்காரர்கள் என்று நினைப்பவர்கள் எங்கள் சமூகத்திலும் நிறையப் பேர். இத்தாலியிலிருந்து 1990களில் இங்கே வேரூன்றிய பண்பாடு அது. கோல் கம்பத்துக்குப் பின்னால், நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கும் பகுதியைக் 'கூர்வ' என்பார்கள். அதற்குள் 90 நிமிடமும் பாட்டு ஓயாது. முன்வேலியில் ஏறி நிற்கும் காப்போ ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டை நடத்துவார். ஒரு பெரிய ஆட்டத்துக்கான துணிச் சித்திரத்தை வாரக்கணக்கில் இரவிரவாக வரைவார்கள். கட்டணச் சீட்டின் விலை, ஆட்டம் திங்கட்கிழமைக்கு மாற்றப்படுவது, பணமுதலைகள் கழகங்களை வாங்க முனைவது என எல்லாவற்றுக்கும் எதிராக முதலில் குரல் எழுப்புபவர்களும் இவர்கள்தான். குழுவின் பெயர் எழுதிய பதாகைதான் இவர்களுக்கு உயிர். அது எதிராளி கைக்குப் போய்விட்டால் குழுவே தன்னைக் கலைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. இதை விளங்கிக்கொள்ளாமல் இந்த வழக்கை விளங்கிக்கொள்ள முடியாது.

சண்டை வேற்றூர் ரசிகர்களோடு நடந்ததல்ல. ஒரே கழகம், ஒரே நிறம், ஒரே கூர்வ. அதற்குள் இரண்டு குழு. என் கட்சிக்காரரின் குழு இனவாதத்துக்கு எதிரான பதாகைகளைத் தூக்கியது, அகதி இளைஞர்களை ஆட்டத்துக்குக் கூட்டிவந்தது. மற்றக் குழுவில் வயதில் மூத்தவர்கள், பழைய அடிதடிக் கூட்டத்தோடு பழக்கம் உள்ளவர்கள். 'கூர்வவுக்குள் அரசியல் வேண்டாம்' என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே நியாயம். அதை நடுநிலை என்று நான் ஒருபோதும் ஏற்றதில்லை. கறுப்பின வீரரைப் பார்த்துக் குரங்குச் சத்தம் போடுபவனை விட்டுவிட்டு, அதைக் கண்டிக்கும் பதாகையை மட்டும் 'அரசியல்' என்று கழற்றச் சொன்னால் அந்த விதி யார் பக்கம் நிற்கிறது என்பது தெளிவு.

இது அந்த நகரத்தில் மட்டும் நடந்ததல்ல. ஆகன் நகரின் அலமானியா கழகத்தில் 1999இல் தோன்றிய ஆகன் உல்ட்ராஸ் என்ற குழு இனவாதத்தை எதிர்த்தது. அதிலிருந்து 2010இல் பிரிந்து கார்ல்ஸ்பாண்ட என்ற குழு உருவானது. அடுத்த ஆண்டுகளில் அடிக்கு மேல் அடி. கடைசியில் 2013 ஜனவரியில் ஆகன் உல்ட்ராஸ் அரங்கை விட்டே விலகினார்கள். அடித்தவர்கள் அரங்கில் நிலைக்க, அடிபட்டவர்கள் வெளியேறினார்கள். அதற்கு முன் பிரேமனில், 2007 ஜனவரி 20 அன்று, ராக்காய் வேர்ட் என்ற இளம் உல்ட்ராஸ் குழுவின் கொண்டாட்டத்துக்குள் தீவிர வலதுசாரி அடிதடிக் கூட்டம் புகுந்து அடித்தது. பழிவாங்குவார்கள் என்ற பயத்தில் பாதிக்கப்பட்ட பலர் வாய் திறக்கவில்லை. வழக்கு மன்றுக்கு வர 2011 ஆனது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் அபராதத்தோடு போனார்கள். என் கட்சிக்காரருக்கு இந்த இரண்டு கதைகளும் மனப்பாடம். பேசாமல் இருப்பதற்கு அவருக்கு இருந்த காரணம் வெறும் குழு விசுவாசம் என்று நினைப்பவர்கள் பிரேமன் வழக்கைப் படித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வழக்கில், வேற்றூர் ஆட்டம் முடிந்து இரண்டு குழுவும் ஒரே ரயிலில் திரும்பியிருக்கின்றன. சொந்த ஊர் நிலையத்தில் இறங்கியதும் மூத்தவர்கள் பதாகையைப் பறிக்கப் பாய்ந்தார்கள். ஒருவருக்கு மூக்கெலும்பு உடைந்தது. பொலிஸார் வந்து மேடையில் நின்ற எல்லோரையும் சுற்றி வளைத்து அடையாள அட்டைகளைப் பதிந்தார்கள். பறித்தவர், பறிகொடுக்க மறுத்தவர், விலக்கிவிட்டவர் எல்லோர் மேலும் பொது அமைதியைக் குலைத்த குற்றச்சாட்டு. 125ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. விசாரணை தொடங்கியதை வைத்தே கழகம் தடைக் கடிதம் அனுப்பியது. என் கட்சிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோவையை வாங்கிப் பார்த்தேன். மேலேயிருந்து எடுத்த பொலிஸ் காணொளியில் என் கட்சிக்காரர் கூட்டத்தின் நடுவில் கையை ஓங்குவது போல இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. சில மாதங்களில் அரச வழக்குத்தொடுநர் வழக்கைக் கைவிட்டார். என் கட்சிக்காரரின் தாய் தொலைபேசியில் எனக்கு நன்றி சொல்லி அழுதார். கைவிட்டது எந்தப் பிரிவின் கீழ் என்பதை நான்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவின் கீழ் கைவிட்டால் போதிய சந்தேகமே இல்லை என்று பொருள். யேர்மன் உதைபந்தாட்டச் சங்கத்தின் வழிகாட்டு விதிகளின்படி அப்போது கழகம் தடையை நீக்கியே ஆகவேண்டும். எங்களுக்கு வந்தது 153ஆம் பிரிவு. குற்றம் இருந்தாலும் சிறியதாகத்தான் இருக்கும், தொடர்ந்து நடத்தப் பொதுநலன் இல்லை என்பது அதன் சாரம். குற்றவாளி என்றும் இல்லை, நிரபராதி என்றும் இல்லை. வழக்குத்தொடுநர் கட்டத்தில் இதற்குக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் சம்மதம் தேவையில்லை, எதிர்த்து முறையிடவும் வழியில்லை. மன்றில் நின்று தன் பெயரைத் துடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்குப் போய்விட்டது. தடை அப்படியே நின்றது.

இதே வலைக்குள் விழுந்த ஒரு பதினாறு வயதுப் பையனின் வழக்கு எல்லாச் சட்டத்தரணிகளுக்கும் தெரியும். 2006 மார்ச் 25, டூஸ்பூர்க் நகரில் பயர்ன் மியூனிக் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு ரசிகர்களுக்குள் மோதல். பயர்ன் உல்ட்ராஸ் கூட்டத்தில் நின்ற அந்தப் பையன் மீதான விசாரணை 153இன் கீழ் முடிந்தது. தடை 2008 ஜூன் வரை தொடர்ந்தது. பயர்ன் கழகம் அவரை உறுப்புரிமையிலிருந்து நீக்கி, பருவகாலச் சீட்டையும் பறித்தது. உறுப்பினர்களுக்கு வாக்குரிமை உள்ள கழகங்கள் இவை என்பதால் அது சின்ன இழப்பல்ல. 2009இல் சமஷ்டி உயர் நீதிமன்று அவருக்கு எதிராகவே தீர்த்தது. அவர் விடவில்லை. 2018 ஏப்ரல் 11 அன்று கார்ல்ஸ்றூவ நகரிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்று தீர்ப்பெழுதியது. அங்கும் அவர் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தது. எல்லோருக்கும் திறந்துவிட்ட ஒரு பொது நிகழ்வை நடத்துபவர், அதிலிருந்து ஒருவரைக் காரணமின்றி ஒதுக்க முடியாது. சமத்துவ உரிமை அங்கும் எட்டும். குற்றம் நிரூபணமாகியிருக்கத் தேவையில்லை, உண்மைகளின் மேல் நிற்கும் அச்சம் போதும். ஆனால் சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டும், அவர் கோரினால் காரணம் சொல்ல வேண்டும். தோற்ற வழக்கு பின்னால் வருபவர்களுக்கு ஆயுதம் கொடுப்பது எங்கள் தொழிலில் உண்டு. இந்த ஆயுதத்துக்காக அந்தப் பையன் தன் இளமையில் பன்னிரண்டு ஆண்டு கொடுத்திருக்கிறார். முகம் தெரியாத அவர் மேல் எனக்குப் பெருமதிப்பு.

அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கழகத்துக்கு எழுதினேன். விசாரிக்கச் சம்மதித்தார்கள். இனித்தான் சிக்கல்.

யார் மூக்கை உடைத்தது என்று என் கட்சிக்காரருக்குத் தெரியும். எனக்கும் சொன்னார். சொல்லிவிட்டு, அது இந்த அறையை விட்டுப் போகக்கூடாது என்றார். போகாது. சட்டமே என் வாயைக் கட்டியிருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு சட்டத்தரணிக்கும் மதகுருவுக்கும் மருத்துவருக்கும் பத்திரிகையாளருக்கும் சாட்சி சொல்ல மறுக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. சண்டை நடந்த ரயில் மேடையில் இன்னொருவரும் நின்றிருந்தார். ஃபான்புரொயெக்ட் எனப்படும் ரசிகர் நலத் திட்டத்தின் சமூகப் பணியாளர். 1981இல் பிரேமனில் தொடங்கிய இந்தத் திட்டங்கள் இன்று நாடெங்கும் இருக்கின்றன. கழகத்துக்கோ பொலிசுக்கோ கட்டுப்படாமல் இளம் ரசிகர்களோடு கூடவே திரிந்து, கைகலப்பைத் தடுத்து, வேலையும் வீடும் இல்லாதவனுக்கு வழி காட்டுவதுதான் அவர்கள் பணி. அவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். என் கட்சிக்காரர் யாரையும் தொடவில்லை என்று ஒரு வரி அவர் சொல்லியிருந்தால் போதும்.

அவரை அலுவலகத்தில் சந்தித்தேன். அவர் சொன்னது இதுதான்: "இவர் அடிக்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால், அப்படியென்றால் அடித்தவர் யார் என்று அடுத்த நாளே பொலிஸ் கேட்கும். 53இல் என் தொழில் இல்லை. நான் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்ன நாளோடு இரண்டு குழுவிலும் ஒருவரும் என்னோடு பேசமாட்டார்கள்." நான் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னதில் பிழை காண எனக்கு முடியவில்லை, என் கட்சிக்காரரின் முகம் மனதில் நின்றபோதும்கூட.

2020 தொடக்கத்தில் கழக அலுவலகத்தில் விசாரணை நடந்தது. பாதுகாப்புப் பொறுப்பாளர், ரசிகர் தொடர்பாளர், கழகத்தின் சட்டத்தரணி. கோவையில் புதைந்து கிடந்த இரண்டாவது காணொளியைப் போட்டுக் காட்டினேன். மறு மேடையிலிருந்து எடுத்த சில வினாடிகள். ஓங்கிய கை போலத் தெரிந்ததில் துணி இருந்தது. பதாகையை எட்டாத உயரத்துக்குத் தூக்குகிறார். அவர் தன் வாயால், தான் செய்ததை மட்டும் சொன்னார். பாதுகாப்புப் பொறுப்பாளர் கேட்டார், "அப்படியானால் மூக்கை உடைத்தது யார்?" மற்றவர்களைப் பற்றிப் பேச வரவில்லை என்று என் கட்சிக்காரர் பதில் சொன்னார். அந்த அறையின் சூடு உடனே குறைந்ததை நான் உணர்ந்தேன். கழகச் சட்டத்தரணி, கெட்டவரல்ல, என்னிடம் பிறகு சொன்னார்: துணி தெரிகிறது, ஆனால் காணொளி முடிந்த பிறகு என்ன நடந்தது என்று எவரும் சொல்லவில்லையே.

மார்ச்சில் முடிவு வந்தது. தடை நீக்கப்படவில்லை, நிபந்தனையோடு நிறுத்திவைக்கப்பட்டது. அதே மாதம் கொரோனாவால் நாட்டின் அரங்குகள் எல்லாம் வெறுமையாயின. உயர்பிரிவுத் தொடரான புண்டஸ்லீகா மே 16 அன்று ஆளில்லாத இருக்கைகளுக்கு முன்னால் மீண்டும் தொடங்கியது. என் கட்சிக்காரருக்கு உரிமை திரும்பிய நேரத்தில் போக இடமிருக்கவில்லை. ரசிகர்கள் மறுபடியும் உள்ளே விடப்பட்ட காலத்தில் அவருடைய குழு பதாகையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கலைந்திருந்தது. மற்றக் குழு இன்றும் கூர்வவின் நடுவில் நிற்கிறது. 1994 முதல் பொலிஸார் வைத்திருக்கும் 'விளையாட்டு வன்முறையாளர்' தரவுக் கோப்பிலிருந்து அவருடைய பெயரை எடுக்கக் கோரி நான் தனியாக எழுத வேண்டியிருந்தது. அது எடுக்கப்பட்டது. அவர் இப்போது அந்தக் கழகத்தின் பெண்கள் அணி ஆட்டங்களுக்குப் போகிறார்.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு, 2022 நவம்பரில், கார்ல்ஸ்றூவ கழகம் சங்க்ட் பௌலியோடு ஆடிய ஆட்டத்தில் உல்ட்ராஸ் பெரிய அளவில் வாணம் கொளுத்திப் பலர் காயப்பட்டார்கள். அந்த நகரத்து ஃபான்புரொயெக்ட்டின் பணியாளர்கள் மூவர், இளைஞர்கள் தங்களிடம் நம்பிச் சொன்னதைப் பற்றிச் சாட்சி சொல்ல மறுத்தார்கள். அவர்கள் மேலேயே வழக்குப் போடப்பட்டது, தண்டனைக்குத் தடையாக நின்றார்கள் என்று. 2024 அக்டோபரில் கீழ் நீதிமன்று அபராதம் விதித்தது. மேன்முறையீட்டில் பணம் கட்டும் நிபந்தனையோடு அது முடிந்தது. 53ஆம் பிரிவில் சமூகப் பணியாளரைச் சேர்க்கவேண்டும் என்று அவர்களுடைய அமைப்புகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நானும் கேட்கிறேன், முழு மனதோடு. வாய் திறப்பதா இல்லையா என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை அன்று எங்கள் மேடையில் நின்ற சமூகப் பணியாளருக்கு இருந்திருந்தால், நிரபராதி ஒருவருக்காக அவர் வாய் திறந்திருப்பார். அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்திருப்பார். அவ்வளவுதான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

அந்தப் பணியாளரைப் போன வருடம் வேறொரு வழக்கு சம்பந்தமாகக் கண்டேன். ரயில் நிலையத்தில் இரண்டு கூட்டம் நெருங்குவதைப் பார்த்தால் முன்பெல்லாம் நடுவில் போய் நிற்பாராம். ஃபான்புரொயெக்ட் பணியாளர்களுக்கு எதிரான கார்ல்ஸ்றூவ தீர்ப்புக்குப் பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் போய்விடுகிறார், பார்த்தால் சாட்சியாகிவிடுவார் என்பதால்.