அந்நியச் சாவி

எங்கட ஊர்ச் சங்கத்தின் குடும்பப் பட்டியலை மைக்ரோசொஃப்ட் அக்சஸில் செய்து கொடுத்த நாளில் இருந்து, வேறு ஊர்ச் சங்கக்காரர் சிலர் "எப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்கிறார்கள. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் விளங்கப்படுத்துவதிலும் பார்க்க இங்கே எழுதிவிடுவது சுகம்.

நாங்கள் 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்த சனம். 2009 க்குப் பிறகு காணிகள் துண்டு துண்டாக விடுபடத் தொடங்கியபோது, எந்தக் காணி எந்தக் குடும்பத்துக்கு, அந்தக் குடும்பத்தில் யார் யார் எந்த நாட்டில் என்ற கேள்வி வந்தது. சங்கத்திடம் இருந்தது ஒரு நீளமான எக்செல் பட்டியல். அதில் ஆட்களைப் பெயரை வைத்துத்தான் குடும்பமாகச் சேர்த்திருந்தார்கள்.

வெள்ளைக்காரருக்கு அது சரிவரலாம். அவர்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் முன்னுக்கு வரும். உதாரணத்துக்கு, கந்தையாவின் மகன் கந்தையா சிவராசா. அவருடைய மகன் சிவராசா குமரன். வெளிநாட்டுப் பத்திரத்தில் தகப்பனின் குடும்பப் பெயர் கந்தையா, மகனின் குடும்பப் பெயர் சிவராசா. ஒரே வீட்டுக்குள் இரண்டு. அதற்கு மேல், ஒரே பெயரை ஜெர்மன்காரன் ஒரு மாதிரியும் பிரெஞ்சுக்காரன் இன்னொரு மாதிரியும் எழுதி வைத்திருப்பான். ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டின் பெயரிலேயே பதிந்து, இன்றைக்கும் அந்தப் பெயரோடு வாழ்கிறவர்களும் எங்களுக்குள் உண்டு. இதை வைத்து யாரை யாரோடு சேர்ப்பது?

அதனால் இரண்டு அட்டவணை போடுங்கள். ஒன்று குடும்பம், மற்றது உறுப்பினர். குடும்ப அட்டவணையில் 'ஓட்டோ நம்பர்' வகையில் ஒரு குடும்ப இலக்கம். அதுதான் முதன்மைச் சாவி. உறுப்பினர் அட்டவணையில் அவருக்கென்று சொந்த இலக்கம் ஒன்றும், அவர் எந்தக் குடும்பம் என்று காட்ட அதே குடும்ப இலக்கமும் இருக்க வேண்டும். இன்னொரு அட்டவணையில் இருந்து வந்து இங்கே குடியிருப்பதால் இதற்கு அந்நியச் சாவி என்று பெயர். இதை 'ஓட்டோ நம்பர்' ஆக்கக்கூடாது. 'நம்பர்', 'லோங் இன்ரிஜர்' என்று வையுங்கள்.

எங்கட சமையலறையில் ஒவ்வொரு ஓடர் துண்டிலும் மேசை இலக்கம் இருக்கும். கொத்துரொட்டி கேட்டவரின் பெயர் எனக்குத் தேவையில்லை. ஆனால் மேசை இலக்கம் இல்லாத துண்டு வந்தால், சாப்பாடு போக இடமில்லாமல் ஆறிப்போகும். அந்நியச் சாவியின் வேலையும் அவ்வளவுதான்.

பிறகு குடும்பத்துக்கு ஒரு ஃபோம் செய்து, அதற்குள் உறுப்பினரைச் சப்ஃபோமாக வையுங்கள். சப்ஃபோமின் 'லிங்க் மாஸ்ரர் ஃபீல்ட்ஸ்', 'லிங்க் சைல்ட் ஃபீல்ட்ஸ்' இரண்டிலும் குடும்ப இலக்கத்தைக் கொடுத்தால், மேலே எந்தக் குடும்பம் நிற்கிறதோ அவர்களின் ஆட்கள் மட்டும் கீழே வருவார்கள். புதிதாக ஓராளை எழுதினால் குடும்ப இலக்கம் தானாக விழும். இரண்டும் வெறுமையாக இருந்தால் ஊர் முழுக்க ஒவ்வொரு குடும்பத்துக்குக் கீழும் வந்து நிற்கும்.

மேலே குடும்பத்தைப் பதியாமல் கீழே ஆளை எழுதினால், குடும்ப இலக்கமே இல்லாத வரி ஒன்று உருவாகலாம். பிறகு அந்த ஆள் எந்தக் குடும்பத்தைத் திறந்தாலும் தெரியமாட்டார். ஆங்கிலத்தில் இதை அநாதைப் பதிவு என்றுதான் சொல்கிறார்கள். அந்நியச் சாவிக்கு 'றிக்குவயர்ட்' என்பதை 'யெஸ்' ஆக்கிவிட்டால் அப்படி நடக்காது. இல்லாத குடும்ப இலக்கம் ஒன்றை யாரும் எழுதாமல் இருக்க, 'ரெஃபரென்சியல் இன்ரெக்ரிற்றி' என்ற பெட்டியிலும் சரி போடுங்கள்.

கூட்டத்தில் ஒரு ஐயா கோபப்பட்டார். "முகாமிலையும் இலக்கம், அகதிக் கேசுக்கும் இலக்கம், இப்ப ஊர்ச் சங்கத்திலையும் எங்களை இலக்கமாக்கப் போறியளோ?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே பெயரின் இடத்தில் இலக்கத்தை வைத்தார்கள். இங்கே இலக்கம் பின்னுக்கு நின்று தொடுப்பை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அதனால் அவரவர் தன் பெயரைத் தான் விரும்பியபடி எழுதலாம், நாளைக்கு மாற்றியும் எழுதலாம். குடும்பம் குலையாது. ஐயா தன்னுடைய பழைய பெயரைச் சொல்லிப் பதியச் சொன்னார். பத்திரத்தில் இருக்கிற பெயர் அதுவல்ல.

கடைசியாக ஒன்று. அதே இடத்தில் 'கஸ்கேட் டிலீற்' என்றும் ஒரு பெட்டி இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். தாயும் தகப்பனும் இறந்துபோன குடும்பங்களை "இனி ஆர் இருக்கினம், அழிச்சு விடுவம்" என்று சொல்லுகிற ஆள் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். அந்தப் பெட்டியில் சரி போட்டிருந்தால், குடும்பத்தை அழிக்கும்போது ஐந்து நாட்டில் இருக்கிற பிள்ளைகளின் வரிகளும் சேர்ந்து போய்விடும். காணிக்கு உரித்துக் கேட்கப் போகிறவர்கள் அவர்கள்தான். சரி போடாவிட்டால், பிள்ளை ஒன்று இருக்கும்வரை குடும்பத்தை அழிக்க அக்சஸ் விடாது. இறந்தவருக்கு இறந்த திகதியைப் போடுங்கள், போதும். வரி இருக்கட்டும்.