கொல்லிமலை: 70 வளைவுகளில் தெரியும் காரின் குணம்!

சென்னையிலிருந்து கொல்லிமலைக்குக் காரில் போகிறவர்கள் அருவியையும் அன்னாசியையும் நினைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். ஆனால், புதிதாக ஒரு காம்பாக்ட் எஸ்.யூ.வி வாங்கும் யோசனையில் இருக்கும் குடும்பத்துக்கு இந்தப் பாதை வேறொரு வகையிலும் உதவும். ஷோரூமில் தரும் வண்ணப் புத்தகத்தில் எந்த எண் முக்கியம், எது வெறும் அலங்காரம் என்பதை வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருகிறது இந்தச் சாலை.

மறைமலை நகர் சொல்லும் பாடம்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி சாலையில் போனால் மறைமலை நகர். 2013-ல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் இங்கேதான் தயாரானது. நான்கு மீட்டருக்குள் ஒரு எஸ்.யூ.வி என்ற ஆசையை நடுத்தரக் குடும்பங்களிடம் பரவலாகக் கொண்டுபோன கார்களில் அது முக்கியமானது. 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று சொன்னாலும், பழைய கார் சந்தையில் அதன் மதிப்பு பற்றிய கவலை உரிமையாளர்களுக்கு வராமலில்லை. பிராண்டைப் பார்த்து வாங்குவதில் தவறில்லை. ஆனால், பார்க்க வேண்டியது முகப்பில் இருக்கும் சின்னத்தை மட்டுமல்ல. சொந்த ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதையும்தான்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, சிங்கப்பெருமாள் கோவிலில் வலப்புறம் பிரியும் சாலை ஒரகடத்துக்குப் போகிறது. நிசான் மேக்னைட்டும் ரெனோ கைகரும் அங்கே ஒரே தொழிற்சாலையில் தயாராகின்றன. இரண்டுக்கும் ஒரே அடித்தளம், ஒரே 1.0 லிட்டர் இன்ஜின்கள். முகமும் உள்ளலங்காரமும்தான் வேறு. டொயோட்டா டைசரும் மாருதி ஃப்ரான்க்ஸும்கூட அண்ணன் தம்பிதான். சட்டை வேறு, ரத்தம் ஒன்று! இப்படி ஜோடியாக இருக்கும் கார்களில், எந்த சின்னம் கௌரவம் என்று யோசிப்பதைவிட எந்த ஷோரூம் நல்ல விலையும் நல்ல சர்வீஸும் தருகிறது என்று விசாரிப்பதே லாபம்.

நான்கு மீட்டர் ரகசியம்

வெனியூ, சோனெட், நெக்ஸான், பிரெஸ்ஸா எல்லாவற்றின் நீளமும் 3,995 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்குச் சரியாக 5 மில்லிமீட்டர் குறைவு. இதற்குக் காரணம் டிசைனர்கள் அல்ல, வரி. 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. அன்று போட்ட நான்கு மீட்டர் கோடு இன்றும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி-க்குள்ளும் டீசல் இன்ஜின் 1,500 சி.சி-க்குள்ளும் இருந்தால் ஜி.எஸ்.டி 18 சதவீதம். தாண்டினால் 40. பிரெஸ்ஸா நீளத்தில் பாஸ். ஆனால், அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கோட்டைத் தாண்டிவிடுவதால் 40 சதவீத வரிசையில் நிற்கிறது.

தமிழ்நாட்டில் இன்னொரு கோடும் உண்டு. 2023 நவம்பர் முதல், காரின் விலை 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை என்றால் ஆயுட்கால சாலை வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 9.9 லட்ச ரூபாய் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10.1 லட்ச ரூபாய் காருக்கு 1,81,800 ரூபாய். 20,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டு ஒரு வேரியன்ட் மேலே போனால், வரி மட்டும் 53,000 ரூபாய் கூடிவிடும். ஆன்-ரோடு விலையைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

காரவள்ளியில் தொடங்கும் பரீட்சை

உளுந்தூர்பேட்டை, ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் தாண்டினால் மலையடிவாரமான காரவள்ளி. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. பின் சீட்டில் இருக்கும் குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணத் தொடங்குவார்கள். இருபதைத் தாண்டும்போது சிலருக்குத் தலை சுற்றும். எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருப்பது நல்லது.

நான்கு வழிச்சாலையில் எல்லா கார்களும் நல்ல கார்கள்தான். இங்கேதான் வித்தியாசம் தெரியும். மேக்னைட்டின் சாதாரண 1.0 லிட்டர் இன்ஜின் தரும் டார்க் 96 நியூட்டன் மீட்டர். அதே அளவு டர்போ இன்ஜின் தருவது 160. நெக்ஸான் டீசலில் 260. டார்க் என்றால் சக்கரத்தைத் திருப்பித் தள்ளும் விசை. நான்கு பெரியவர்கள், டிக்கி நிறைய மூட்டை, ஏ.சி ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், 96-ல் இருக்கும் கார் வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு இறங்கும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது காற்று மெலிவதால், டர்போ இல்லாத இன்ஜின் ஏறத்தாழ பத்து சதவீத சக்தியை இழக்கிறது. கொல்லிமலையின் உயரமும் ஆயிரம் மீட்டரைத் தாண்டியதுதான். அதற்காக எல்லோரும் டர்போ வாங்க வேண்டும் என்றில்லை. வாரம் முழுக்க வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓடும் காருக்குச் சாதாரண இன்ஜினே போதும். ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குப் போனால் ஏ.சி-யை அணைத்துவிட்டு நிதானமாக ஏறிக்கொள்ளலாம்.

வளைவில் முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டால் அடுத்த பாடம் ஆரம்பம். ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்பும்போது கார் பின்னால் உருளாமல் ஓரிரு நொடி பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு வசதி, புதிதாக ஓட்டக் கற்றவர்களுக்குப் பெரிய துணை. ஆட்டோமேட்டிக் என்றால் எந்த வகை என்றும் கேட்க வேண்டும். விலை குறைந்த ஏ.எம்.டி கியர்பாக்ஸ் ஏற்றத்தில் கியர் மாற்றும்போது கொஞ்சம் தயங்கி உலுக்கும். சி.வி.டி-யும் டார்க் கன்வெர்ட்டரும் மென்மையாக ஏறும்.

செம்மேட்டில் ஒரு கணக்கு

மேலே செம்மேடு. ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தியதாகச் சங்கப் பாடல் புகழும் வல்வில் ஓரியின் சிலை அங்கே குதிரை மேல் நிற்கிறது. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஏறத்தாழ ஆயிரம் படி இறங்கி ஆகாய கங்கையில் குளித்துத் திரும்புகிறவர்கள் மிளகும் பலாப்பழமும் வாங்காமல் போவதில்லை. டிக்கியின் அளவு அப்போதுதான் நினைவுக்கு வரும். மேக்னைட்டில் 336 லிட்டர், கைகரில் 405. ஒரே தொழிற்சாலைப் பிள்ளைகள்தான், ஆனால் ஒரு முழு பலாப்பழம் அளவுக்கு வித்தியாசம்!

சன்ரூஃபுக்கும் இங்கே மரியாதை உண்டு. பனிக்காற்றை ரசிக்கலாம்தான். ஆனால், அதற்காக மேல் வேரியன்டுக்குப் போய் ஒரு லட்சம் கூடுதலாகக் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 1,609 ரூபாய். மொத்தத்தில் சுமார் 1,35,000 ரூபாய். அதே பணத்துக்குக் கூடுதல் ஏர்பேக்குகளும் வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி-யும் கிடைக்கும் என்றால், எதை எடுப்பது என்பதில் யோசனையே வேண்டாம். 2018-ல் குளோபல் என்கேப் சோதனையில் நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அந்த மதிப்பெண்ணைப் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பு கார் அதுதான். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் சோதனையும் வந்துவிட்டது. வாங்கப்போகும் காரின் மதிப்பெண்ணை செல்போனிலேயே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இறங்கும்போது...

ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. இரண்டாவது கியரில், இன்ஜினின் பிடியிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டினால் எரிபொருள் மிச்சமாகும் என்று நினைப்பது ஆபத்து. பிரேக் சூடாகித் தன் வேலையை மறந்துவிடும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். வளைவுக்கு முன் ஹாரன் அடிக்க வேண்டும். இது எந்த பிராண்டுக்கும் பொருந்தும்.

புதுக் காருக்கு புக்கிங் செய்வதற்கு முன், அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வீட்டில் இருக்கும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மலைப்பாதைக்குப் போய் வருவது நல்லது. ஷோரூமைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டும் டெஸ்ட் டிரைவில் தெரியாத பலவும் அன்று தெரிந்துவிடும். பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்த பாட்டி என்ன சொல்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏழு ஆண்டுகள் தவணை கட்டப்போகும் காரில் அவரும்தானே வரப்போகிறார்!