மருதும் நாரையும்: திருப்புடைமருதூர்

திருநெல்வேலி மாவட்டத்தில் வீரவநல்லூருக்கு வடக்கே, வயலும் வாழைத் தோட்டமும் மாறிமாறி வரும் சாலை தாமிரபரணியைத் தொடும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். ஒரு கோயில், அதைச் சுற்றிச் சில தெருக்கள், ஆற்றில் இறங்கும் படித்துறை, கரையெங்கும் மருதமரங்கள் என்று ஊர் சிறியதுதான். நெல்லைச் சீமையில் ஆற்றங்கரைக் கிராமங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் இவ்வளவு சிறிய ஊருக்குள் இவ்வளவு காலம் சேர்ந்து கிடப்பது அரிது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னக்காயலில் கடலைச் சேர்கிறது. வழியில் வந்து கலக்கும் துணையாறுகளில் கடனாநதி முக்கியமானது. ராமநதியையும் ஜம்புநதியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு வரும் அந்த ஆறு தாமிரபரணியில் கலக்கும் இடத்தில்தான் ஊர் அமைந்திருக்கிறது. இரண்டு வெள்ளமும் முட்டும் இடத்தில் நீரின் வேகம் தணிந்து வண்டல் படியும். அந்த வண்டலில் மரம் தழைக்கிறது, மீன் பெருகுகிறது. ஊர் இங்கே ஏன் உண்டாயிற்று என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. அவற்றில் கன்னடியன் அணைக்கட்டு ஊருக்கு மேலேயும், கோடகன் கால்வாய்க்குத் தண்ணீர் தரும் அரியநாயகிபுரம் அணைக்கட்டு கீழேயும் இருக்கின்றன. கடைசியாக வரும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வெள்ளைக்காரர் காலத்தது; மற்றவை அதற்கும் முந்தியவை. பாபநாசத்தில் அணை கட்டி முடித்தது 1942-இல்தான். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்தக் கால்வாய்களை நம்பி இரண்டு போகம் விளைந்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில் கார். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம். ‘பிசானத்துக்குத் தண்ணி உண்டா?’ என்பது இன்றைக்கும் ஐப்பசி மாதத்தில் இந்தப் பக்கத்துப் பேச்சு. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ‘அம்பை 16’ குண்டுநெல் இந்த வட்டாரத்து வயல்களில் ஊன்றிப்போன ரகம். வயலுக்கு அடுத்தபடி வாழை. இந்த வட்டாரத்து வீடுகளில் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பெண்கள் பீடி சுற்றுவதும் வயல்வேலைக்கு ஈடாக வீட்டுச் செலவைத் தாங்குகிறது.

கோயில் நாறும்பூநாதருடையது, அம்மன் கோமதி. தலமரம் மருதம். மருதை தலமரமாகக் கொண்ட பெரிய தலங்கள் மூன்று என்பது மரபு: வடக்கே ஸ்ரீசைலம், நடுவே காவிரிக்கரையில் திருவிடைமருதூர், தெற்கே இது. கருவறையில் லிங்கம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆற்றில் வெள்ளம் பெருகிய நாளில் மறுகரையில் நின்ற கருவூர்ச் சித்தர் பெயர் சொல்லி அழைக்க, அது காதில் விழுவதற்காக இறைவன் தலை சாய்த்தான் என்பது தலக்கதை. வெள்ளம் வந்தால் அக்கரைக்காரன் அக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான் என்ற வாழ்க்கையை அறிந்தவர்கள் சொன்ன கதை இது. தைப்பூசத்துக்குச் சுற்றுவட்டாரமே படித்துறையில் கூடுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் ராஜகோபுரம் நெல்லைச் சீமையின் மற்றக் கோபுரங்களைப் போலத்தான் தெரியும். உள்ளே ஏறினால் ஐந்து நிலைகளிலும் மரவேலைப்பாடு. தூண், உத்தரம் எங்கும் செதுக்குச் சிற்பம். சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியம். சுவர் முழுவதையும் பட்டைபட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையில் ராமாயணம், இன்னொன்றில் திருவிளையாடல், மற்றொன்றில் நாயன்மார் கதை என்று வரைந்திருக்கிறார்கள். சிவப்பும் காவியும் மஞ்சளும் மேலோங்கிய நிறங்கள். கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கோபுரத்தின் அடியில் நடந்து சன்னிதிக்குப் போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் சுவரோவியத் தொகுதிகளில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய ஒன்று தலைக்கு மேலே இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அந்த ஓவியங்களில் போர்க்காட்சிகளும் உண்டு. 1532-இல் விஜயநகர அரசர் அச்சுதராயரின் படைக்கும் வேணாட்டு அரசருக்கும் தாமிரபரணிக் கரையில் நடந்த போரையே அவை காட்டுகின்றன என்று பேராசிரியர் சா. பாலுசாமி விரிவாக எழுதியிருக்கிறார். இன்னோரிடத்தில் பாய்மரக் கப்பலில் குதிரைகள் வருகின்றன. கூட இருக்கிறவர்களின் உடையும் முகமும் அரபு நாட்டு வணிகர்களைக் காட்டுகின்றன. கடலிலிருந்து இத்தனை தூரம் உள்ளே, வயலுக்கு நடுவில் இருக்கும் ஒரு கோபுரத்தில் கப்பல் ஏன் என்று தோன்றலாம். இதே ஆறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அரேபியக் குதிரைகள் வந்திறங்கியதை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ பதிவுசெய்திருக்கிறார். ஆற்றின் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் போக்குவரத்து அறுந்ததே இல்லை. போர் என்று வந்தால் அந்தக் குதிரைகள் இந்த வயல்களை மிதித்துத்தான் போயிருக்கும்.

கோபுரத்தைவிட்டுக் கரைக்கு வந்தால் மருதமரங்கள். வெளிறிய வழுவழுப்பான பட்டை, அது ஏடுஏடாக உரிந்து விழும் இயல்பு, அடியில் புடைத்துப் பரவும் வேர் ஆகியவற்றால் இந்த மரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். ஆற்று வெள்ளம் வேரைச் சுற்றி மண்ணை அரித்தாலும் எளிதில் சாய்வதில்லை. காய்க்கு ஐந்து சிறகு உண்டு. நாரும் மரத்தன்மையும் உள்ள அந்தக் காய் தண்ணீரில் மிதந்து போய் எந்த வண்டலில் ஒதுங்குகிறதோ அங்கே முளைக்கும். தாமிரபரணிக் கரையின் பழைய மருதுகளில் பல இப்படி ஆறே நட்டவையாக இருக்க வேண்டும்.

இந்த மரங்களில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. சங்குவளை நாரை, சாம்பல் நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று கூட்டம் கூட்டமாக வந்து, கோயிலை ஒட்டிய மரம், தெருவோர மரம் என்று பாராமல் குடியேறுகின்றன. சங்குவளை நாரைக்கு நீண்ட மஞ்சள் அலகு, இறக்கையில் கறுப்பு வெள்ளைக் கோலம், வால்பக்கம் இளஞ்சிவப்பு. பெரிய பறவை, ஆனால் குரல் எழுப்பத் தெரியாது. அலகை ‘கடகட’வென்று தட்டியே இணையை வரவேற்கும். குஞ்சுகள் சும்மா இருப்பதில்லை. தாய் திரும்பும் நேரத்தில் அவை போடும் கூச்சல் தெருக்கோடிவரை கேட்கும். வயல், குளம், ஆறு மூன்றும் எட்டும் தூரத்தில் இருப்பதால் இரைக்கு அலைச்சல் குறைவு.

கூட்டுக்கு அடியில் குடியிருப்பது லேசான காரியமல்ல. எச்சம் இலையை வெள்ளையடித்து, ஓட்டில் வழிந்து, கொடியில் காயும் துணியில் விழும். குஞ்சுகள் தவறவிட்ட மீன் தரையில் கிடந்து நாறும். இத்தனையையும் பொறுத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் பறவைகளை விரட்டாமல் இருந்ததோடு நிற்கவில்லை. இந்த இடத்தைச் சட்டப்படி காக்க வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்கள்தான்.

அப்போது வழியும் திறந்திருந்தது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் கொண்டுவந்த திருத்தம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு ‘பாதுகாப்புக் காப்பகம்’ என்ற புதிய வகையைச் சேர்த்தது. அரசு நிலத்தை, அங்குள்ள மக்களைக் கலந்துகொண்டு காப்பகமாக அறிவிக்கலாம். நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் ஊராட்சியின் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. இந்த வகையில் இந்தியாவிலேயே முதலாவதாக 2005 பிப்ரவரி 14-இல் அறிவிக்கப்பட்டது திருப்புடைமருதூர்தான். பரப்பு வெறும் 2.84 ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கர். ஆயிரக்கணக்கான ஏக்கரில் வேலிபோட்ட சரணாலயங்கள் இருக்கும் நாட்டில், ஏழு ஏக்கரை முன்னிறுத்தி ஒரு கிராமம் முதலிடம் பிடித்தது பெருமைப்பட வேண்டிய செய்தி. அந்தப் பெருமை பாடப்புத்தகங்களில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

பறவைகளின் பிழைப்பு ஏழு ஏக்கரோடு முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரை தேடும் குளங்கள் தூர்ந்தால், வயலில் பூச்சிமருந்து கூடினால், கூடு கட்ட மரம் இருந்தும் பயனில்லை. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்துவருவது இதை மனத்தில் கொண்டுதான். பாபநாசத்தில் பரிகாரம் என்ற பெயரில் ஆற்றில் விடும் துணிகளும், வழியிலுள்ள ஊர்களின் சாக்கடையும் இந்தக் கூடுதுறையைக் கடந்துதான் கீழே போக வேண்டும்.

1992 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளங்கள் கரை எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்பதைக் காட்டின. கரையைப் பிடித்து நிற்பது மருதின் வேர். மருதங்கன்று கூடு தாங்கும் மரமாகப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று நிற்கும் கிழட்டு மரங்கள் சாய்வதற்கு முன்பே அவற்றின் இடத்துக்கு அடுத்த தலைமுறை வளர்ந்திருக்க வேண்டும். அதனால் படித்துறைக்கு மேலும் கீழுமாக, இந்த ஆற்றங்கரை மரத்தின் விதையிலிருந்தே கன்று எழுப்பி நட்டு, ஆடுமாடு கடிக்காமல் முதல் சில ஆண்டுகள் வேலி கட்டிக் காப்பது இனி செய்ய வேண்டிய வேலைகளில் முதலாவது. கோபுரத்து ஓவியங்களுக்கும் இதே அவசரம் உண்டு. மழைநீர்க் கசிவையும் வௌவால் எச்சத்தையும் தடுத்து, தேர்ந்த கைகளைக் கொண்டு மட்டுமே பழுது பார்க்க வேண்டும். மேலே புதுவண்ணம் பூசுவது கூடவே கூடாது.