காற்றுத் திருட்டு

நம் பங்கின் அம்பாசிடர் வண்டி 1984-ஆம் ஆண்டில் வாங்கப்பெற்றது. அவ்வகை வண்டியின் உற்பத்தி 2014-இலேயே நின்றுபோயிற்று. ஆயினும் மலையடிவாரத்துக் கிளைக்கிராமங்களுக்கு நள்ளிரவில் சென்றுவர நமக்கு இன்றும் அதுவே துணை.

சென்ற கோடையில் அதற்கு விந்தையானதொரு நோய் கண்டது. சாலையில் ஓடுங்கால் குறையொன்றுமில்லை; எங்கேனும் நிறுத்தினாலோ என்ஜின் நடுநடுங்கி, கார்புரேட்டர் வழியே 'பட் பட்' என இருமி, அணைந்துவிடும். பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியை ஏற்றிச் சென்ற இரவில் ரயில்வே கேட்டருகே மும்முறை அணைந்தது. குழந்தை நலமே பிறந்தது என்றாலும், அதன்பின் அவ்வண்டியை நம்பி எவரையும் ஏற்ற நமக்கு மனம் துணியவில்லை.

முதலில் பார்த்த மெக்கானிக், கலவைத் திருகாணியைத் தளர்த்திப் பெட்ரோலைக் கூட்டிவிட்டார். காய்ச்சலின் காரணத்தை ஆராயாது மாத்திரை தருவது போன்றதே இது. சில நாள்களில் நடுக்கம் திரும்பிற்று.

அடுத்து வந்த முதியவர் திருகாணியைத் தொடவேயில்லை. என்ஜினை ஓடவிட்டுச் சோக்கைச் சற்றே இழுத்தார், நடுக்கம் அடங்கிற்று. பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார். முனைகள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. "பெட்ரோல் பத்தல சாமி. இல்லேன்னா காத்து அதிகமாப் போகுது. எதுன்னுதான் பாக்கணும்" என்றார். ஜெட்டைக் கழற்றி ஊதினார்; மாற்றமில்லை. பின்னர், கார்புரேட்டர் மானிஃபோல்டின்மேல் அமரும் மூட்டில் சிறிது நீரைச் சொட்டவிட்டார். நீர் உள்ளே உறிஞ்சப்பட, என்ஜினின் ஓசை உடனே மாறிற்று. அங்கிருந்த கேஸ்கட் காய்ந்து சுருங்கியிருந்தது.

சாலையில் மட்டும் நோய் மறைவானேன் என வினவினோம். அவர் தந்த விளக்கம் நமக்குத் தெளிவாயிருந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முறையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். வண்டி நிற்கும்போது கார்புரேட்டரின் கதவு ஏறத்தாழ மூடியிருக்கும். உள்ளே உறிஞ்சும் விசை மிகுதி. முறையான வழியில் நுழையும் காற்றோ சிறிது. அப்போது இடுக்கு வழியே புகும் காற்று கலவையை அடியோடு கெடுத்துவிடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கதவு திறந்து காற்று பெருகுவதால் அத்திருட்டுக் காற்று பொருட்டாவதில்லை.

இக்காலப் பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். 2025 முதல் நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்தே பெரிதும் விற்கப்படுகிறது. எத்தனால் ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்றே போதும். எனவே பழைய அளவில் பூட்டிய கார்புரேட்டரில் கலவை மேலும் மெலிகிறது. புதிய வண்டிகள் இதனைத் தாமே உணர்ந்து சரிசெய்துகொள்ளும்; நம் கிழவண்டிக்கு அவ்வறிவு இல்லை. பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் கெடுக்குமாதலால் அவற்றை மாற்றிவிடும்படி அவர் வற்புறுத்தினார்.

புதுக் கேஸ்கட்டின் விலை சொற்பமே. அதனைப் பொருத்தியதும் என்ஜின் கரும்புகை கக்கிற்று. முந்தையவர் கூட்டிவைத்த பெட்ரோல் இப்போது மிகையாகிவிட்டதன்றோ! முதியவர் சிரித்துக்கொண்டே திருகாணியை உள்ளே முறுக்கினார்.