சாமி கும்பிட்டுட்டு வாங்க

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை விட்டு வெளியே வந்து தெருவைத் தாண்டினால் எதிரே புது மண்டபம். பேர்தான் புதுசு. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் கட்டியது. கோடையில் சாமி வந்து இளைப்பாற, வசந்த விழாவுக்கென்று எழுப்பிய மண்டபம். நான் பார்த்த காலத்தில் அங்கே இளைப்பாறிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது. தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே நுழைந்ததும் புதுத் துணியின் கஞ்சி வாடையும் மிஷின் எண்ணெய் வாடையும் சேர்ந்து அடிக்கும். ஒரு பக்கம் புத்தகக் கடைகள், ஒரு பக்கம் பாத்திரம், வளையல், பாசிமணி. நடுவில் கைகூப்பி நிற்கும் நாயக்க மன்னர்கள், அவர்களின் தேவியர். கல்லில் திருக்கல்யாணம் நடந்துகொண்டிருக்க, அதன் காலடியில் யாரோ ஒருவரின் பேன்ட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருப்பார்கள். சிற்பம் பார்க்க வந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருந்திருக்கும். எனக்கு அந்த மண்டபத்தில் முதலில் பிடித்ததே இந்தக் கலவைதான்.

கடை என்றால் கதவு, பெயர்ப்பலகை என்று நினைக்க வேண்டாம். இரண்டு தூணுக்கு நடுவே கிடைத்த இடம், அதில் இரண்டு மிதி மிஷின், மேலே கயிறு கட்டித் தொங்கும் ஜிப்பாக்கள், ஒரு குழல்விளக்கு. மாஸ்டர் வெட்டுவார். ஒருவர் காலர், ஒருவர் கை. ஓரத்தில் காஜா எடுக்க ஒரு பையன். எங்கள் வீட்டுக்குத் தைத்தவரை அம்மா ‘பாய்’ என்று கூப்பிடும். அவர் அம்மாவை ‘அக்கா’ என்பார். சிரிக்கவே மாட்டார். வாடிக்கையாளர் சேவை என்று இன்றைக்குப் பாடம் எடுக்கிறவர்கள் அவரைப் பார்த்திருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் வெளியூர்க்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். விருதுநகரிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் வந்த குடும்பம், வாங்கிய துணியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போகும். “சாமி கும்பிட்டுட்டு வாங்க, தச்சு வச்சிருக்கேன்” என்பார். தேதியும் கிடையாது, மணியும் கிடையாது. அம்மனையும் சொக்கரையும் பார்த்து, பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்சம் உட்கார்ந்து, பிரசாத ஸ்டாலில் புளியோதரை வாங்கித் தின்றுவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குக் கணக்கு உண்டு. சாதாரண நாளுக்கு ஒரு கணக்கு, ஆடி வெள்ளிக்கு ஒன்று, ஐயப்ப சாமிமார் வரும் மார்கழிக்கு வேறொன்று. செருப்பு விடும் இடத்தில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று காஜாப் பையனை விட்டுப் பார்த்துவரச் சொல்வார். குவியல் பெரிசாக இருந்தால் இன்னொரு சட்டைக்குத் துணி வாங்கிப் போடுவார். மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளியில் வந்து மாட்டிக்கொண்டவர்களின் துணிக்குத்தான் சாவகாசமான தையல்.

வெள்ளைக்காரர்களும் வருவார்கள். தாங்கள் போட்டிருக்கும் பழைய சட்டையைக் கழற்றிக் கொடுத்து, இதே மாதிரி இரண்டு வேண்டும் என்பார்கள். மறுநாள் காலையில் தேக்கடிக்கோ கொடைக்கானலுக்கோ பஸ். பாஷை கிடையாது, விலாசம் கிடையாது, முன்பணம் மட்டும் உண்டு. ராத்திரி மிஷின் ஓடும். காலையில் மடித்து வைத்த சட்டையோடு அந்தப் பழைய சட்டையின் அறுந்த பொத்தானும் தைக்கப்பட்டிருக்கும். அதற்குத் தனிக் காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

உள்ளூர்க்காரர்களான எங்கள் கதை வேறு. “வியாழக்கிழமை வாங்கக்கா” என்பார். வியாழக்கிழமை போனால், வெட்டாத துணி ரசீதோடு குண்டூசி குத்தியபடியே கிடக்கும். “நீங்க எங்க போகப் போறீங்க? இந்தா இருக்கு வீடு. அந்தாளுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ்ஸு” என்று யாரோ ஒருவரைக் காட்டுவார். அம்மா ஒரு தடவை தந்திரம் செய்து பார்த்தது. வீட்டிலிருந்தே ஒரு பயணப்பையில் பழைய சேலைகளைத் திணித்து எடுத்துக்கொண்டு, சாயங்காலம் ஊருக்குப் போகிறோம், ஜாக்கெட் இப்போதே வேண்டும் என்றது. பாய் பையைப் பார்த்தார், அம்மாவின் காலைப் பார்த்தார். “வீட்டுச் செருப்போடயா ஊருக்குப் போறீங்க?” காஜாப் பையன் மட்டும் சிரித்தான். ஜாக்கெட் வியாழக்கிழமைதான் வந்தது, அதுவும் அடுத்த வாரத்து வியாழக்கிழமை.

அப்போது இது எனக்கு அநியாயமாகப்பட்டது. இப்போது யோசித்தால், அவர் நேரம் தவறாத மனிதர் அல்ல. யாரிடம் தவறலாம், யாரிடம் தவறவே கூடாது என்று தெரிந்த மனிதர். திரும்பி வர முடியாதவனை ஏமாற்றக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே சட்டம். நியாயமான சட்டமா என்றால், தினம் வருகிறவன் தலையில் கட்டிய சட்டம்தான். ஆனாலும் அவர் ஒத்துக்கொண்ட வெளியூர் வேலை எதுவும் ரயிலைக் கோட்டைவிட்டதாக நான் கேள்விப்படவில்லை. காரணம் எளிது, முடியாத வேலைக்கு ‘ஆகாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். எங்கள் தெருமுனையில் இன்னொரு தையற்காரர் இருந்தார். வாய் நிறையச் சிரிப்பார், எதற்கும் இல்லை என்று சொல்லமாட்டார். தீபாவளிக்குக் கொடுத்தது பொங்கலுக்கு வரும்.

‘ஆகாது’ என்ற சொல் அந்த மண்டபத்தில் அதிகம் கேட்டது சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால்தான். அழகர் வேடம் போடுகிறவர்களுக்கான உடைகள் அங்கேதான் தைக்கப்பட்டன. வெல்வெட் சட்டை, ஜரிகை வைத்த கச்சை, தலைக்கு உருமால். தேருக்குத் தொம்பை, சாமிக்குக் குடை, விதானம் என்று கோயில் வேலைகளும் உண்டு. பங்குனியிலேயே மிஷின் சூடாகிவிடும். தைத்தவர்களில் இந்துக்களும் உண்டு, பாயைப் போன்ற இஸ்லாமியர்களும் பலர். அழகர் மலையிலிருந்து இறங்குவதற்குள் உடை கைக்குப் போயாக வேண்டும். கல்யாணத்தைக்கூடத் தள்ளிவைக்கலாம், சித்ரா பௌர்ணமியைத் தள்ளிவைக்க முடியுமா? வைகையில் இறங்கும் அழகர் தைத்து முடியும்வரை கரையில் காத்திருப்பாரா? வருஷமெல்லாம் எங்களுக்கு வியாழக்கிழமை சொன்ன பாய், அந்த மாதம் எங்கள் துணியைக் கையால்கூடத் தொடமாட்டார். அம்மாவும் கேட்காது. விரதம் இருந்து, அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சப் போகிற பிள்ளையின் உடைக்கு முன்னால் ஜாக்கெட்டுக்கு என்ன அவசரம் என்று அதற்கே தெரியும்.

2018 பிப்ரவரியில் கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதற்குப் பிறகு கோயில் கடைகளை அகற்ற வேண்டும் என்ற பேச்சு வலுத்து, சில ஆண்டுகளில் புது மண்டபத்துக் கடைகளும் பக்கத்திலிருக்கும் குன்னத்தூர் சத்திரத்து வணிக வளாகத்துக்குப் போயின. மண்டபத்துக்கு அது நல்லதுதான். எண்ணெய்ப் பிசுக்கும் ஆணியும் இல்லாமல் அந்தச் சிற்பங்கள் மூச்சுவிட வேண்டும். இதைச் சொல்லும்போதே மனசு ஒப்பவில்லை என்பதும் உண்மை.

போன பங்குனியில் புது வளாகத்துக்குப் போனேன். ஷட்டர் போட்ட கடைகள், மோட்டார் மிஷின்கள். ரெடிமேட் வந்தபின் சட்டை தைக்கக் கொடுப்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். திருவிழா உடைதான் சோறு போடுகிறது என்றார்கள். ஒரு கடையில் முப்பது வயசுப் பையன் வெல்வெட்டில் ஜரிகை ஓட்டிக்கொண்டிருந்தான். கையிலிருந்த கதர்த் துணியை நீட்டி, ஒரு அரைக்கை சட்டை, எப்போது கிடைக்கும் என்றேன். நிமிராமலே சொன்னான்:

“அழகர் ஆத்துல இறங்குனப்புறம் வாங்கண்ணே. இப்ப வாங்கி வச்சா உங்ககிட்ட பொய் சொல்ற மாதிரி ஆயிரும்.”